கிளார்க்குக்குப் பங்கு உண்டா

மேலப்பத்து,
அம்பாசமுத்திரம் தாலுகா.
விரோதிகிருது வருஷம், சித்திரை 8

பாளையங்கோட்டையில் நாற்காலியில் வீற்றிருக்கும் கிளார்க்குத் துரை அவர்களுக்கு, அந்த நாற்காலியை இன்னும் கண்ணால் காணாத கோமு எழுதுவது.

அத்தான், இங்கே நானும் இரண்டு மாடுகளும் சுகம். மாடுகள் உங்களை விசாரிக்கவில்லை. நான்தான் விசாரிக்கிறேன், அதுவும் கோபத்தோடு.

போன மாதம் வேலை நிரந்தரமான சந்தோஷத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். நல்லது. உங்கள் சித்தப்பா மகன் சிவசைலத்துக்கும் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. நேற்று கோயில் மண்டபத்தில் ஊர் கூடினபோதுதான் தெரிந்தது. என் கொழுந்தன் அதை மடியிலிருந்து எடுத்து, நீவி விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "நான் கிளார்க்காகிவிட்டேன். இனி எனக்குச் சேறு மிதிக்கிற அவசியம் இல்லை." உங்கள் எழுத்துத்தான். 'சேறு' என்பதைக்கூட எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள்.

உடனே ஊர்ப் பெரியவர் தில்லைநாயகம் மாமாவிடம் திரும்பி, "கேட்டியளா, அண்ணனுக்குச் சேறு வேண்டாமாம். இனி கிளார்க்குக்கு எதுக்குப் பங்கு? இந்தத் தடவை அவுக மட்டையைக் குடத்துல போட வேண்டாம்" என்கிறான்.

சர்க்கார் கச்சேரிக் காகிதம் பார்த்துப் பார்த்து ஊர் வழக்கம் மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். கன்னடியன் வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற நஞ்சை இருபத்துநாலு வீட்டுக்கும் பொது. தலைமடையில் இருக்கிறவன் கொழுப்பதும் கடைமடையில் இருக்கிறவன் காய்வதும் கூடாது என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வயல்களை மாற்றிக்கொள்கிறோம். வைகாசி இருபதாம் தேதி வீட்டுக்கு ஒரு பனைமட்டைத் துண்டைக் குடத்தில் போட்டு, பூக்கட்டுகிற பண்டாரம் கையை விட்டு எடுப்பார். தலைமடையிலிருந்து வரிசையாக ஒவ்வொரு வயலுக்கும் எந்த மட்டை வருகிறதோ அந்த வீட்டுக்கு அந்த வயல். அடுப்பு புகைகிற வீட்டுக்குத்தான் மட்டை. நம் மட்டை குடத்தில் விழாவிட்டால், நம் ஒரு கோட்டை விதைப்பாட்டு வயல் அடுத்த பங்காளிக்குப் போகும். அடுத்த பங்காளி யார்? தொண்டையைச் செருமினவன்.

அத்தான், விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நீங்கள் பாளையங்கோட்டை. இருபத்தாறு வருஷமாக நடுகை நாளில் வரப்பில் நின்று ஆட்களை வைதுகொண்டிருக்கிறேன். வேறு தொழில் எனக்குத் தெரியாது. அந்த வயலும் போனால் நான் யாரை வைவது, உங்களையா?

மாமா இப்போதைக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. "அது சரி, கிளார்க்குன்னா என்ன வேலை? தட்டான் தட்டுதான், தச்சன் செதுக்குதான். இவன் என்ன செய்யுதான்?" என்று என்னைக் கேட்டார். எழுதுகிறார் என்றேன். "அப்போ கணக்கப்பிள்ளைன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார். மண்டபமே சிரித்தது.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்தக் கிளார்க்கு என்கிற பேர் எந்த ஊரிலிருந்து வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே படித்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். என் பிழைப்பைக் கெடுக்கிற சொல்லின் அப்பன் பேராவது எனக்குத் தெரிய வேண்டாமா.

கோமு


பாளையங்கோட்டை,
27-4-1911

கோமுவுக்கு,

உன் கடிதத்தைக் கச்சேரியில் வைத்துப் படித்தேன். படிக்கக் கூடாத இடம். முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டுவிட்டார்.

சிவசைலத்துக்கு எழுதியது பெருமையில் எழுதியது. நாற்பத்தெட்டு வயதில் வேலை நிரந்தரமானால் மனிதனுக்குக் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்யும். ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வயல் தொல்லை விட்டால் நீ இங்கே வந்து இருப்பாய் என்கிற ஆசையும் எனக்கு உண்டு. முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். நல்ல தண்ணீர்க் கிணறு. ஆனால் உன்னைக் கேட்காமல் எழுதினது தப்பு.

இனி நீ கேட்ட விஷயம். கோமு, இதை எழுத என் கை பரபரக்கிறது.

இங்கே தேவசிகாமணி என்று ஒரு நண்பர். நாசரேத்துக்காரர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் உபதேசியாராகப் படிக்கிறவர்களுக்குக் கிரேக்கு பாஷை சொல்லிக்கொடுக்கிறார். சாயங்காலம் அவர் வீட்டு வேலியோரம் நின்று, கிளார்க் என்றால் என்ன ஐயா என்று கேட்டேன். அவர் வேலியிலிருந்து ஒரு குச்சியைப் படக்கென்று ஒடித்து என் கையில் கொடுத்து, "இதுதான்வே உம்ம உத்தியோகம்" என்றார்.

பரிகாசம் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இங்கிலீஷ்காரர்கள் அந்தச் சொல்லை லத்தீனிலிருந்து எடுத்தார்களாம். லத்தீன்காரர்கள் கிரேக்கிலிருந்து எடுத்தார்கள். கிரேக்கில் அதன் வேர் 'கிளேரோஸ்'. ஒடித்த துண்டு என்பதுதான் அதன் ஆதிப் பொருளாக இருக்கும் என்று பண்டிதர்கள் சொல்கிறார்களாம். எதற்கு ஒடித்தார்கள் தெரியுமா? சீட்டுப் போட.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நாட்டில் பழைய காலத்துப் போர்வீரர்கள், யார் முதலில் சண்டைக்குப் போவது என்று முடிவு செய்ய, ஆளுக்கொரு துண்டில் தன் தன் குறியைக் கீறி ஒரு தலைக்கவசத்தில் போட்டுக் குலுக்குவார்களாம். பேர் எழுதுவதில்லை, குறிதான். வெளியே விழுந்த துண்டை வரிசையாக ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு போவார்கள். கீறினவன் தன் குறியைக் கண்டு, இது என்னது என்று வாங்கிக்கொள்வான். அதோடு நிற்கவில்லை. புது நிலத்தில் குடியேறினால் வயல்களையும் இப்படியே சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அப்படிக் கிடைத்த வயலுக்கும் அதே பேர், கிளேரோஸ். கோமு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேலப்பத்து இருந்திருக்கிறது.

ஆக, கிளார்க் என்ற பேரே மட்டையிலிருந்தும் பங்கு வயலிலிருந்தும் வந்தது. அவருக்குக் காப்பிக்கு நேரமாகிவிட்டதால் மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன் என்றார். எனக்கு இதுவே போதும். உனக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

ஆவுடைநாயகம்


மேலப்பத்து,
சித்திரை 20

கிரேக்கு தேசத்துப் பங்காளி அவர்களுக்கு, கோமு எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தபோது மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு படித்தேன், படித்துவிட்டு எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பிறகு ஆட்டின மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று இதுவரை தெரியாது.

மறுநாள் சாயங்காலம் மண்டபத்துக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன், மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை. ஆனால் தூண் மெல்லியது, என் குரல் பெரியது.

"மாமா, கிளார்க்குன்னா என்னன்னு கேட்டிய. கேட்டு வாங்கிட்டேன்" என்று சொல்லி, குச்சி ஒடித்ததிலிருந்து வயல் பிரித்தது வரைக்கும் வாசித்தேன். பாதி வாசிக்கும்போதே பீடி பிடித்தவர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டார்கள். முடித்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

தில்லைநாயகம் மாமாவுக்கு வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. "அவுகளும் குலுக்குதாகளா? நம்மளை மாதிரியேவா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு அங்கே என்ன பயிர் என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், திராட்சை என்றேன். "திராட்சைக்குத் தலைமடை கடைமடை எதுக்கு?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். கிரேக்கர்கள் சைவமா என்று ஒருவர் கேட்டார். பண்டாரம் மட்டும், குலுக்குகிறவருக்கு அங்கே என்ன கொடுப்பார்கள் என்று விசாரித்தார்.

சிவசைலம் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புளித்த மோரைக் குடித்தவன் மாதிரி. "மதினி சொல்லுததை எப்படி நம்ப? அண்ணன் தன் பங்குக்காக எழுதினதுதானே இது?" என்றான். மாமா யோசித்தார். "அவன் சொல்லுததும் ஞாயம்தான். கோமு, அந்தக் கிரேக்கரையே ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்லு. அவுக வழக்கம் அவுகளுக்குத்தானே தெரியும்" என்றார். அவர் கிரேக்கர் இல்லை மாமா, நாசரேத்து என்றேன். "எந்த ஊரா இருந்தா என்ன, எழுதித் தரட்டும். அவுக சொல்லு எப்படியோ அப்படியே முடிப்போம்" என்று சொல்லிவிட்டார். வைகாசி ஐந்தாம் தேதி கடைசித் தீர்ப்பு.

பார்த்தீர்களா, ஜெயித்துவிட்டோம். தேவசிகாமணி அண்ணாச்சியிடம் நான் கேட்டேன் என்று சொல்லுங்கள். பெரிய காகிதமாக எழுதி வாங்குங்கள், கீழே கையெழுத்தும் பெரிதாக இருக்கட்டும். முருகன்குறிச்சி வீட்டுக் கிணறு நல்ல தண்ணீராக இருந்தால் அதிலே குளித்துக்கொண்டு சந்தோஷமாக இருங்கள். நான் வரவில்லை.

கோமு


பாளையங்கோட்டை,
11-5-1911

கோமுவுக்கு,

இந்த உறையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டும் தேவசிகாமணி கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டவை. முதல் தாளில் நான் உனக்கு முன்பு எழுதியது இருக்கிறது. இரண்டாவது தாளில், அன்று காப்பிக்காக நிறுத்தின மிச்சம்.

அந்த மிச்சத்தை எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

நான் கேட்டது இதுதான்: வயலுக்கும் மட்டைக்கும் இருந்த பேர் எழுதுகிறவனுக்கு எப்படி வந்தது? அவர் சொன்னார். ஆதியில் யூதர்கள் தேசத்தைக் கோத்திரங்களுக்குப் பிரித்தபோது, கோயில் ஊழியம் செய்கிற கோத்திரத்துக்கு மட்டும் நிலம் கொடுக்கவில்லை. உங்களுக்குக் கடவுளே பங்கு என்று சொல்லிவிட்டார்கள். பிற்பாடு கிறிஸ்தவ சபையில் ஊழியம் செய்கிறவர்களுக்கும் அந்த நினைப்பில்தான் கிளேரோஸ் என்று பேர் வந்தது என்கிறார்கள். ரொம்ப காலத்துக்கு அவர்கள்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அதனால் எழுதுகிறவன் எல்லாம் கிளார்க் ஆனான்.

புரிகிறதா? வயலிலிருந்துதான் பேர் வந்தது. ஆனால் வயல் இல்லாதவனுக்கு வந்தது. கிளார்க் என்றால் பங்கு உள்ளவன் என்று நீ மண்டபத்தில் சொன்னாய். பங்கு பிரிக்கும்போது விலகி நின்றவன் என்று இந்தத் தாள் சொல்கிறது. சிவசைலம் சொன்னதைக் கிரேக்குக்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

நான் தேவசிகாமணியிடம், முதல் பாகத்தை மட்டும் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. அவர் இன்னொரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "தனித்தனித் தாளா எழுதித் தாரேன்வே. ரெண்டையும் அனுப்பும். எதைக் காட்டணும்னு அந்த அம்மாளுக்குத் தெரியும்" என்றார்.

கச்சேரியில் ஒரு காகிதத்துக்குப் பாதி நகல் எடுத்துக் கொடுத்தேன் என்று தெரிந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் இது கச்சேரி இல்லை, உன் வயல். நீ என்ன செய்தாலும் நான் கேட்க மாட்டேன். தாளைப் பத்திரமாகப் பிரி, மடிப்பில் கிழிந்துவிடும்.

ஆவுடைநாயகம்


மேலப்பத்து,
வைகாசி 6

அத்தானுக்கு, கோமு எழுதுவது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தாளை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். ஓரம் கொஞ்சம் பழுப்பாகக்கூட ஆகிவிட்டது. தேவசிகாமணி அண்ணாச்சி கேட்டால் காப்பி கொட்டிவிட்டது என்று சொல்லுங்கள்.

ஏன் போடவில்லை என்றால், பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. முதல் தாளைக் காட்டினால் வயல் கிடைத்துவிடும். ஐந்து வருஷம் அந்த நெல்லைக் குத்தி, அந்தச் சோற்றை உங்களுக்குப் போட வேண்டும். நீங்கள் ஒன்றும் கேட்க மாட்டீர்கள், எழுதிவிட்டீர்கள். கேட்காமல் குனிந்துகொண்டே சாப்பிடுவீர்கள். நீங்கள் குனிந்து சாப்பிட்டால் நான் யாரைக் கேலி செய்வது?

அதனால் இரண்டையும் எடுத்துக்கொண்டு நேற்று மண்டபத்துக்குப் போனேன். முதல் தாளை வாசித்தேன், எல்லாருக்கும் திருப்தி. மாமா வெற்றிலையை எடுத்துவிட்டார், கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். "இன்னும் ஒரு தாள் இருக்கு மாமா" என்றேன்.

வாசித்து முடிக்கும் முன்னே சிவசைலம் எழுந்து நின்றுவிட்டான். "கேட்டியளா, கேட்டியளா. மதினியே சொல்லிட்டா. கிளார்க்குக்கு நிலம் கிடையாது. கடவுள்தான் பங்கு" என்று கையைத் தட்டினான். மாமா என்னைப் பார்த்தார், பாவமாக இருந்தது அவருக்கு. "ஏம்மா, இதை எதுக்கு வாசிச்ச?" என்றார்.

அத்தான், அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. வீட்டில் யோசித்து வைத்துக்கொண்டு போனேன் என்று நினைக்காதீர்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தலைக்கவசத்தில் போட்ட துண்டில் பேர் இல்லை, குறிதான் என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது.

"கொழுந்தனார் சொல்லுதது சரிதான். கிளார்க்குக்குப் பங்கு வேண்டாம். அவுக விலகி நிக்கட்டும்" என்றேன். சிவசைலத்துக்கே ஒன்றும் புரியவில்லை. "மாமா, போன தடவை போட்ட மட்டையெல்லாம் கோயில் பெட்டியிலதானே கிடக்கு? அதைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

பண்டாரம் பெட்டியைத் திறந்து கொட்டினார். இருபத்துநாலு மட்டை. ஏர் ஒன்று, கிளி ஒன்று, மூன்று கோடு ஒன்று, பெண்கள் காதில் போடுகிற பாம்படம் ஒன்று, அது நம்முடையது. "இதுல எதுலயாவது ஆம்பளைப் பேரு இருக்கா, பாருங்க" என்றேன். பார்த்தார்கள். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். "மட்டை ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. அடுப்பு புகையிற வீட்டுக்குன்னு நீங்கதானே சொல்லுவிய. என் அடுப்பு ஒரு நாள் அணைஞ்சிருக்கா? அவுக கிளார்க்கு. நான் என்ன கிளார்க்கா?"

மண்டபத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பண்டாரம் என்று நினைக்கிறேன். பிறகு சிரிப்பு நிற்கவே இல்லை. சிவசைலம், "பொம்பளை எப்படிவே மட்டை போடுவா" என்றான். மாமா அந்தப் பாம்படம் போட்ட மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "பாம்படத்தை யாருலே போடுவா, நீயா?" என்று கேட்டார். அவ்வளவுதான். தீர்ந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். இனி அந்தப் பங்கு என் பொறுப்பு. ஐந்து வருஷத்துக்கு அடுப்பு அணையக் கூடாது. திருச்செந்தூருக்குப் போனாலும் ஐந்தாறு நாளில் திரும்பிவிட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பானையைக் கழுவும்போதுதான், எதற்குச் சரி என்று சொன்னேன் என்று புரிந்தது. முருகன்குறிச்சி வீட்டுக்கு நான் ஐந்து வருஷம் வர முடியாது. உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீங்களும் என்னைக் கேட்காமல்தான் எழுதினீர்கள் என்று சண்டை போடலாம். போட மனசு வரவில்லை.

திட்டுவதாக இருந்தால் நன்றாகத் திட்டி எழுதுங்கள்.

கோமு


பாளையங்கோட்டை,
24-5-1911

கோமுவுக்கு,

திட்ட ஆரம்பித்து இரண்டு வரி எழுதினேன். தேவசிகாமணி வந்துவிட்டார். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், அடுப்பு விஷயம் உட்பட. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ஒரு கம்பு சாய்ந்துவிட்டது. "நாப்பது வருஷமா இந்தச் சொல்லைப் படிக்கேன். அந்த அம்மா மாதிரி யாரும் இதுக்கு அர்த்தம் சொல்லலை" என்றார். திட்டு எழுதின தாளைக் கிழித்துவிட்டேன்.

முருகன்குறிச்சி வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒற்றை ஆளுக்குக் கிணறு எதற்கு? தேவசிகாமணி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது. சனிக்கிழமை கச்சேரி பகலோடு முடிந்துவிடும். மூன்று மணி ரயிலைப் பிடித்தால் அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் பொழுது சாயும்போது ஊருக்கு நடந்து வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்துவிட்டுத் திங்கள் காலை முதல் வண்டியில் திரும்பினால் சரியான நேரத்துக்கு நாற்காலியில் இருப்பேன். மாதத்துக்கு நாலு சனிக்கிழமை. கணக்கு எனக்குச் சரியாக வருகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. பங்கு உன்னுடையது, அடுப்பு உன்னுடையது, பாம்படமும் உன்னுடையது. நான் பங்கு இல்லாதவன், மண்டபத்தில் தீர்ந்துபோன விஷயம். ஆகவே சனிக்கிழமை வரும்போது வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டுமா? ஊர் வழக்கம் எனக்கு மறந்துவிட்டது. பதில் எழுது.

ஆவுடைநாயகம்


மேலப்பத்து,
வைகாசி 21
(கார்டு)

அத்தானுக்கு.

நேற்று குலுக்கினார்கள். பதினெட்டு வயல் வரைக்கும் நம்முடையது வரவில்லை. பண்டாரம் வேண்டுமென்றே குடத்துக்குள்ளே தேடுகிறார் என்று நினைத்தேன். இருபத்திரண்டாவது வயலுக்குக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டி, "இது யாருது, புளியங்கொட்டையா?" என்றார். நான் கீறின பாம்படம் அப்படி வந்திருக்கிறது. என்னது என்று சொல்லி முன்னால் போய் வாங்கிக்கொண்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து குடம் வரைக்கும் பத்துத் தப்படி இருக்கும், யாரும் வழி மறிக்கவில்லை. சிவசைலத்துக்கு மூன்றாவது வயல், தலைமடை. ஆனாலும் முகம் சரியில்லை.

நமக்குக் கடைமடை. தண்ணீர் எல்லாருக்கும் போய்த்தான் நமக்கு வரும். இப்போதே வரப்பை உயர்த்த வேண்டும். சனிக்கிழமை வரும்போது நாற்காலிச் சட்டையோடு வராதீர்கள்.

இந்தக் கார்டை மதார் தபால்காரர் ஊர் எல்லை தாண்டும் முன்னே படித்துவிடுவார். ஆகையால் வேறொன்றும் எழுதவில்லை. நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில்: கேட்க வேண்டாம். கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், தள்ளினால் திறக்கும்.

கோமு